நடுங்கும் உடலுக்கு நீரின் துணை

மூத்தவர்களுக்குக் கை நடுங்கினால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகின்றோம். ஆனால் கை ஓய்வாக இருக்கையில் நடுங்குவதும், எட்டுகள் சிறுத்துப் போவதும், முகம் இறுகுவதும் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 1817இல் லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விபரித்து எழுதினார். மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தை உண்டாக்கும் கலங்கள் அழிவதே இந்நோயின் அடிப்படை. குளிசைகள் இறுக்கத்தைத் தணிக்கும். சமநிலை குலைவதற்கு அவை அவ்வளவாக உதவுவதில்லை.

ஒருமுறை விழுந்தவர் மறுபடி நடக்க அஞ்சுகிறார். நடக்காததால் தசை மெலிகிறது, தசை மெலிந்ததால் மீண்டும் விழுகிறார். அவரைத் தூக்கி நிறுத்துபவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவளது முதுகு நோவை யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் நீர் கைகொடுக்கிறது. நெஞ்சளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தாங்குகின்றன. சரிந்தாலும் மெதுவாகவே சரிவார், காலை மாற்றி ஊன்ற அவகாசம் கிடைக்கும். தரையில் துணியாத பெரிய எட்டையும் பின்னோக்கிய நடையையும் அங்கே பழகலாம். நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேலையோடு இறங்குவது மட்டும் ஆபத்து. உடலோடு ஒட்டிய முழுநீள உடை போதும்.

1949இல் லண்டனில் ஹாலிவிக் என்ற பெண்பிள்ளைகள் பாடசாலையில், உடல் ஊனமுற்ற மாணவிகளுக்காக ஜேம்ஸ் மக்மிலன் என்ற பொறியியலாளர் ஒரு நீர்ப்பயிற்சி முறையைத் தொடங்கினார். மிதவை கட்டுவதில்லை, ஒருவருக்கு ஒருவர் துணை. உடலைச் சுழற்றவும் அச்சுழற்சியை நிறுத்தவும் அதில் பழக்குவர். பார்க்கின்சன் நோயாளர் பலர் இழப்பதும் இதைத்தான். இரவில் பாயில் புரண்டு படுக்கவே ஆள் வேண்டியிருக்கும். ஜப்பானில் ஜுன் கொன்னோ உருவாக்கிய 'ஐ சீ' முறையில், தோளளவு வெதுவெதுப்பான நீரில் நின்று மூச்சோடு இசைந்து கைகளை மெல்ல அசைப்பார்கள். இம்முறைகள் பார்க்கின்சன் நோயாளருக்கும் இன்று பயன்படுகின்றன.

2023இல் கொக்ரேன் நிறுவனம் 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீர்ப்பயிற்சி நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை நன்கு உயர்த்தக்கூடும் எனக் கண்டது. நடனமும் சமநிலைப் பயிற்சியும்கூட உடலசைவுக்குப் பயன் தருவதாக அது கூறுகிறது. நோயை இவை மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீந்தத் தெரிந்தவர் என்பதற்காக நோயாளரைத் தனியே நீரில் விடவும் கூடாது. மூளையில் மின்முனை பொருத்தும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர், நன்றாக நீந்தக்கூடிய ஒன்பது பேர் நீந்தும் ஆற்றலையே இழந்ததை சூரிச் வைத்தியர்கள் 2019இல் அறிவித்தனர். குளமும் கடலும் இதற்கு ஏற்ற இடமல்ல. நீர்மட்டம் ஒரே அளவாகவும், பிடிகம்பி உள்ளதாகவும் இருக்கும் தடாகமே வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில், இயன்மருத்துவரின் மேற்பார்வையில் இறங்க வேண்டும். வெளியேறும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம் என்பதால், சற்று நேரம் படியில் இருத்திய பின்னரே எழுப்புங்கள்.

தடாகம் எட்டாத இடத்தில் உள்ளவர்கள், கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்புதல், சுவரோரமாகப் பெரிய எட்டு வைத்தல் போன்றவற்றை எப்படிச் செய்விப்பது என்று கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே கேட்டு வாருங்கள். நோயாளரை நோகாமல் தூக்கும் முறையையும் உங்களுக்காகக் கேளுங்கள்.