உளூச் செய்ய ஒரு முக்காலி: புற்றுநோய்ப் பராமரிப்பில் ஆக்குபேஷனல் தெரபி

நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஸ்கேனுக்குமானவை. புற்றுநோயாளி ஒருவருக்குக் கழிப்பறை நாற்காலி வேண்டும், குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்த வேண்டும் என்று மனுப் போடுவோர் அரிது. நோயை மருத்துவர் பார்ப்பார், மற்றதை வீட்டார் பார்த்துக்கொள்வோம் என்பதே நம் எண்ணம். வீட்டார் பார்க்கவும் செய்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கீமோதெரபி முடிந்து வீடு திரும்பிய ஓர் உம்மாவை எண்ணிப் பாருங்கள். நாற்பது வருடம் அடுப்படியை ஆண்டவர். இப்போது, "நீங்க சும்மா படுங்க உம்மா" என்று மகள் சோறு ஊட்டுகிறாள், மருமகள் தலை வாரிவிடுகிறாள். எல்லாம் அன்புதான். ஆனால் அசையாமல் கிடக்கும் உடம்பில் மிச்சமிருக்கும் வலுவும் குறைகிறது. "எல்லாருக்கும் பாரமாயிட்டேன்" என்ற பேச்சும் வந்துவிடுகிறது.

ஆக்குபேஷனல் தெரபி உதவுவது இந்த இடத்தில். பெயரைக் கேட்டு, வேலை தேடித் தரும் ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். குளிப்பது, உடுப்பது, உண்பது, தொழுவது, பேரப்பிள்ளைக்குத் தலை பின்னுவது என ஒரு மனிதர் தன் நாளில் செய்யும் எல்லாமே இதில் அடங்கும். பிசியோதெரபிஸ்ட் காலின் வலுவையும் அசைவையும் சீராக்க முயல்வார். இருக்கிற காலை வைத்துக்கொண்டு அவர் கழிப்பறைக்குப் போய்வர வழி என்ன என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பார். இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் மஹல்லாக்களில் இந்தப் பெயரே புதிதாக இருக்கிறது.

புற்றுநோய்க் களைப்பு, தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பு அல்ல. ஆகவே தெரபிஸ்ட் முதலில் கேட்பது, "இன்றைக்கு எதைச் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்பதுதான். உம்மாவுக்கு முக்கியம் சுபுஹுத் தொழுகையும் மதியச் சமையலுக்குக் கீரை ஆய்வதும் என்றால், குளியலை மாலைக்கு மாற்றி, அதையும் முக்காலியில் உட்கார்ந்து செய்யச் சொல்வார். இருக்கும் சக்தியைக் கைச்செலவுக் காசு போல எண்ணிச் செலவழிக்கும் கணக்கு இது.

பாக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளால் விரல்களும் பாதங்களும் மரத்துப் போகலாம். பட்டன் போட முடியாது, டம்ளர் நழுவும். பட்டனுக்குப் பதில் ஒட்டுப்பட்டை, துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டிப் பிடி, பின்வார் உள்ள செருப்பு என்று சின்ன மாற்றங்கள் போதும். வெந்நீரின் சூட்டை மட்டும் வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். மூச்சுத்திணறல் உள்ளவர் மேசைமேல் தலையணை வைத்து முன்சாய்ந்து அமர்வதும், முகத்தில் சிறு கைவிசிறிக் காற்றுப் படுவதும் திணறலைத் தணிக்க உதவும்.

தொழுகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இயலாதவர் உட்கார்ந்தும் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. தண்ணீர் தீங்கு தருமெனில் தயம்மும் இருக்கிறது. உடம்பின் சக்திக்கேற்பச் செயலை மாற்றிக்கொள்ளும் முறை நமக்குப் புதிதல்ல. ஆனால் தாழ்ந்த குழாயடியில் குந்த முடியாமல் உளூவைக் கைவிட்டு, அந்த வருத்தத்தில் தொழுகையையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு முக்காலியும் ஒரு பேசினும் இருந்தால் தீர்ந்திருக்கும். தெரபிஸ்டுக்கு நம் தொழுகை முறை தெரியாமல் இருக்கலாம். ருகூஉ, ஸுஜூதை அவருக்குச் செய்து காட்டுங்கள். நோய் முதுகெலும்புக்குப் பரவியவர் குனிவது ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்காமல் ஸுஜூதுக்கு முயல வேண்டாம். சட்டம் பற்றிய ஐயத்தை ஆலிமிடம் கேளுங்கள்.

வலிநிவாரணப் பராமரிப்பு என்றதும் 'கைவிட்டுவிட்டார்கள்' என்று பதறுகிறோம். அது சிகிச்சையோடு சேர்ந்தே தொடங்க வேண்டியது. பக்கத்துக் கேரளத்தில், 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால் வளர்ந்தது. 2008-ல் அம்மாநில அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதிச் செவிலியரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கடைசி நாட்களிலும் இந்தத் தெரபிக்கு வேலை இருக்கிறது. அப்போது இலக்குகள் சிறியவை: அரை மணி நேரம் முற்றத்தில் உட்கார வேண்டும், கொடுக்கல் வாங்கலைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லி வஸிய்யத் எழுத வேண்டும். அந்த அரை மணிக்குத் தலையணைகளை எங்கே வைப்பது, எந்த நாற்காலி தாங்கும், நாளின் எந்த நேரத்தில் வலி குறைவு என்று பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்த முறை மருத்துவமனை செல்லும்போது, ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். போகுமுன் கட்டிலின் உயரத்தையும் கழிப்பறை வாசலின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குளியலறையையும் படிக்கட்டையும் கைப்பேசியில் படமெடுத்துப் போனால், உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் யோசனை கிடைக்கும். நாற்காலியோ கைப்பிடியோ வாங்க வசதி இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். மருந்துச் சீட்டைப் போலவே அதையும் ஏற்போம், இன்ஷா அல்லாஹ்.