ஏறுவதற்கு எந்த ஊர்க் கல் நல்ல கல்?

பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், இன்று பைன் மரங்களும் ஓக் மரங்களும் நிற்கிற இடத்தில், மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடல் இருந்தது. அது பின்வாங்கியபோது மணலை விட்டுப்போனது. ஏறக்குறைய முழுக்கக் குவார்ட்ஸ் மட்டுமே உள்ள வெள்ளை மணல். வேறு கனிமம் கலக்காததால் கண்ணாடித் தொழிலுக்கு அதைத் தேடி வந்தார்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தின் பிரமிடில் இருக்கும் தெளிந்த கண்ணாடிக்கும் இந்த மணல்தான் போனது. அந்த மணலின் சில அடுக்குகள் மட்டும், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா படிந்து பாறையாக இறுகின. காலப்போக்கில் அடியில் இறுகாமல் கிடந்த மணலை மழை அரித்துக்கொண்டு போக, மேலிருந்த பாறைத்தட்டு தாங்கலில்லாமல் உடைந்து, சரிந்து, காடெங்கும் சிதறியது. ஃபோந்தேன்ப்ளோ காட்டின் புகழ்பெற்ற பாறைகள் இப்படி வந்தவையே.

19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறைகளைப் பிளந்து பாரிஸ் வீதிகளுக்குத் தளக்கல் போட்டார்கள். பிழைத்து நின்றவற்றில், ஆல்ப்ஸ் மலைக்குப் போகமுடியாத ஞாயிற்றுக்கிழமைகளில், பாரிஸ் மலையேறிகள் பயிற்சி எடுக்கத் தொடங்கினார்கள். கயிறு கிடையாது. பாறையின் உயரம் மூன்று, நான்கு மீட்டர். விழுந்தால் மணல். போல்டரிங் என்று இன்று உலகம் முழுக்க ஆடப்படும் விளையாட்டு வளர்ந்த முக்கியமான தொட்டில் இது. 1930-களில் பியர் அலேன் என்ற மலையேறி இதற்காகவே மழமழப்பான ரப்பர் அடி வைத்த காலணியை உருவாக்கினார். 1947-இல் பாறைகளில் வண்ண அம்புக்குறி வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வரிசையை அமைத்தார்கள். அந்த அம்புகள் இப்போதும் இருக்கின்றன.

உலகிலேயே போல்டரிங்குக்குச் சிறந்த இடம் எது என்ற சண்டை ஏறுநர்களிடையே ஓய்வதில்லை. ஃபோந்தேன்ப்ளோ என்பார் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் ராக்லேண்ட்ஸ் என்பார் இன்னொருவர், நம்மூர்ப் பையன்கள் ஹம்பி என்பார்கள். எண்ணிக்கையையும் கடினத்தையும் வைத்துப் பேசும் வாதம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. கல் எப்படி உண்டானது என்று பார்த்தால், எந்த ஊர் உடம்பின் எந்தப் பகுதியிடம் வேலை வாங்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதன் பிறகு சண்டை பாதி அடங்கும்.

முதலில் பிடிப்பைப் பார்ப்போம். உராய்வு, தொடும் பரப்பளவைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். ரப்பர் அந்த விதிக்கு அடங்காது. அழுத்தினால் நெளிந்து, பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிவிடும். உண்மையில் தொடும் பரப்பு கூடக்கூடப் பிடியும் கூடும். வழுக்கத் தொடங்கும்போது அந்த மேடுகளின் மேல் ரப்பர் அமுங்கி அமுங்கி மீள்கிறது. ஒவ்வொரு மீட்சியிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகத் தொலைகிறது. அந்த இழப்புதான் வழுக்கலை எதிர்க்கிறது. ஆகவே பாறையின் பருக்கை எவ்வளவு பெரியது, எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதெல்லாம் காலணிக்கு முக்கியம்.

ஃபோந்தேன்ப்ளோவின் மணற்பருக்கை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். எங்கு தொட்டாலும் ஒரே அளவு. இந்தச் சீர்மைக்காகவே பெட்ரோலிய நிலவியலாளர்கள் ஆய்வகத்தில் மாதிரிப் பாறையாக இதையே வைத்துக்கொள்கிறார்கள். பாறைக்குள் எண்ணெயும் நீரும் எப்படி ஊர்கின்றன என்று சோதிக்க ஒரே கனிமத்தாலான பாறை வசதி. ஏறுபவருக்கோ இதன் பொருள் வேறு. விரல் நுழைக்கும் விளிம்புகள் குறைவு. உருண்டு சரிந்த முகடுகள் அதிகம். உள்ளங்கையை விரித்து அழுத்தி, உடல் எடையைச் சரியான கோணத்தில் வைத்து, காலை நம்பித்தான் மேலே போக வேண்டும். புஜபலம் கொண்ட இளைஞர் மூச்சுவாங்க நிற்கையில், பக்கத்தில் எழுபது வயதுக்காரர் நிதானமாக ஏறிப்போவதை அங்கே பார்க்கலாம் என்று சொல்வார்கள். நம்புகிறேன்.

ஹம்பிக்கு வந்தால் கதை தலைகீழ். இங்கே பாறை கிரானைட். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கடியில் ஆழத்தில் மெல்ல ஆறி உறைந்த குழம்பு என்பதால் குவார்ட்ஸுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் பெரிய படிகங்களாக வளர அவகாசம் கிடைத்தது. மேலிருந்த பாரம் அரிபட்டுக் குறைய, பாறை விரிந்து குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. அந்த வெடிப்புகள் வழியே இறங்கிய மழைநீர் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றியது. வெடிப்புகளுக்கு நடுவில் அகப்பட்ட கல்லின் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்கும். ஓரத்தை இரண்டு பக்கம், மூலையை மூன்று பக்கம். எனவே மூலைதான் முதலில் போகும். வாயில் அடக்கிய கற்கண்டு முனை மழுங்குவது மாதிரி. இதெல்லாம் நடந்தது மண்ணுக்குள். பிறகு சுற்றியிருந்த மண்ணை மழை அள்ளிக்கொண்டு போனதும், துங்கபத்திரைக் கரையில் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே தெரிந்தன. வாலி சுக்கிரீவன் படை எறிந்து விளையாடிய கற்கள் என்று பக்கத்து ஊரான ஆனேகுந்திக்காரர்கள் சொல்லும் விளக்கம் இதைவிடச் சுருக்கமானது.

பெரிய படிகங்கள் ரப்பருக்கு நல்லவை; தோலுக்குப் பகை. ஹம்பியில் கை ஓயும் முன்பே விரல்நுனி ஓய்ந்துவிடும். மூன்று நாள் ஏறினால் ஒரு நாள் தோல் வளரக் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே போகிறவர்கள் கணக்கு. களிமண்ணாகக் கரைந்துபோன ஃபெல்ட்ஸ்பாருக்குப் பக்கத்தில் கரையாத குவார்ட்ஸ் பல்லாக நீட்டிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். நல்ல பாறைகள் பலவற்றில் பிடிக்க இருப்பதே அந்த ஒரு பல்தான். அமெரிக்க ஏறுநர் கிரிஸ் ஷர்மா 2000-களின் தொடக்கத்தில் இங்கே வந்து ஏறியது படமாக வெளியான பிறகு வெளிநாட்டார் வரத்து கூடியது. 1986 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான இடம் என்பதால், கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு கடுமை. ஆற்றுக்கு அக்கரையில் ஏறுநர்கள் தங்கிவந்த விருபாபூர் கட்டியின் விடுதிகள் 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து இடிக்கப்பட்டன.

கலிஃபோர்னியாவின் பிஷப் என்ற சிற்றூர் இந்த ஒப்பீட்டுக்கு எழுதிவைத்த பாடநூல். ஊரின் ஒரு பக்கம் சியரா நெவாடா மலையடியில், பட்டர்மில்க் மேட்டில், கிரானைட்டின் நெருங்கிய உறவான பாறை. ஆளை மிரட்டும் உயரத்தில் முட்டை முட்டையாக நிற்கும். இன்னொரு பக்கம், காரில் சற்று நேரம் போனால், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன் லாங் வேலி எரிமலை வெடித்து, ஏறத்தாழ 600 கன கிலோமீட்டர் குழம்பைக் கக்கியது. கொதிக்கும் சாம்பல் அடுக்கடுக்காக விழுந்து, தன் சூட்டிலேயே தன்னை ஒட்டவைத்துக்கொண்டது. அதில் நிறையக் குழிகள், விரல் நுழையும் பொந்துகள். காலையில் மலையடியில் காலை நம்பிச் சமநிலை பழகியவர், மாலையில் சாம்பல் பாறையில் தலைகீழாகத் தொங்கி இழுக்கிறார். ஊர் ஒன்றுதான், விளையாட்டு இரண்டு.

டெக்சஸ் பாலைவனத்தில் உள்ள ஹுவேகோ டேங்க்ஸும் குழிப்பாறைதான், ஆனால் அது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக்கல்லுக்குள் புகுந்து உறைந்த குழம்பு. குழிகளில் தேங்கும் மழைநீரை நம்பி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கள் வந்து போயிருக்கிறார்கள். பாறையில் முகமூடி ஓவியங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். போல்டரிங்கின் கடினத்தை அளக்க அமெரிக்கா பயன்படுத்தும் 'வி' அளவுகோல், ஜான் ஷெர்மன் 1991-இல் வெளியிட்ட இந்த இடத்துக் கையேட்டிலிருந்து பரவியது. ஓவியங்களைக் காக்க இப்போது வடக்குக் குன்றில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு மேல் வழிகாட்டியின்றி அனுமதிப்பதில்லை. சரியான முடிவு. ஏறுவதற்குக் கல் வேறெங்கும் கிடைக்கும்.

சுவிட்சர்லாந்தின் தெற்கில், திச்சினோ பள்ளத்தாக்கில், நைஸ் பாறை. அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறி, கனிமங்கள் பட்டைப்பட்டையாக ஒதுங்கிய கல். பனிப்பாறை செதுக்கிய செங்குத்துச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்ததால், பட்டை வழியே பிளந்து கூரான விளிம்புகள் விட்டிருக்கும். விரல் வலுவுக்குச் சோதனை. 2000-இல் ஃப்ரெட் நிக்கோல் இங்குள்ள கிரேசியானோவில் ஏறிய 'ட்ரீம்டைம்' அதுவரை யாரும் முன்வைக்காத கடினம் என்று பேசப்பட்டது.

ராக்லேண்ட்ஸ் மணற்பாறைதான், ஆனால் ஃபோந்தேன்ப்ளோவின் மணலோடு ஒப்பிட்டால் 40 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. கேப் டவுனுக்கு வடக்கே செடர்பர்க் மலைகளில் இருக்கிறது, ரூயிபோஸ் தேநீர்ச்செடி விளையும் சீமை. ஆழத்தில் புதைந்து, மலை மடிப்புகளுக்குள் நசுங்கியதில், பருக்கைகள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொண்டன. அதனால் மணற்பாறையின் மென்மையான தொடுகையும் கிரானைட்டின் உறுதியும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கின்றன. இரும்பு ஆக்சைடு கொடுத்த செம்மஞ்சள் நிறம் வேறு. விளிம்பு, குழி, உருண்டை, கூரை எல்லாம் உண்டு. கல்லை மட்டும் வைத்து மார்க் போடச் சொன்னால் என் ஓட்டு இதற்கே.

ஆனால் கல் மட்டும் போதாது. வானிலை இருக்கிறது. விரல்நுனியில் வியர்வைச் சுரப்பிகள் அடர்த்தி. ஈரம் ஏறினால் பிடி போகும். அதற்காகத்தான் மக்னீசியம் கார்பனேட் தூளைப் பூசுகிறார்கள். கணிதப் பேராசிரியரும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருமான ஜான் கில் 1950-களில் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து பாறைக்குக் கொண்டுவந்த பழக்கம் இது. தூள் உண்மையிலேயே உதவுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பது வேடிக்கை: 2001-இல் வந்த ஒரு சோதனை தூள் உராய்வைக் குறைக்கிறது என்றது, 2012-இல் வந்த இன்னொன்று மணற்பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் கூட்டுகிறது என்றது. எப்படிப் பூசினார்கள், எந்தக் கல்லில் தேய்த்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும் போலிருக்கிறது. குளிர் நல்லது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பின்லாந்தின் லாப்னோரில் நாலே ஹுக்கதைவல் ஆண்டுக்கணக்கில் முயன்று 2016-இல் முடித்த 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' உலகில் முதன்முதலாக 9ஏ என்ற கடின மதிப்பீட்டோடு முன்வைக்கப்பட்டது. 2023-இல் இரண்டாவதாக ஏறிய பிரிட்டன்காரர் வில் போசி, அந்தப் பிடிகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வார்த்த நகலில் வீட்டுப்பக்கமே பயிற்சி எடுத்துவிட்டுத்தான் பின்லாந்து போனார். கல்லை நகலெடுக்கலாம். அன்றைய காற்றின் ஈரத்தையும் குளிரையும் எப்படி நகலெடுப்பது?

இந்த வகையில் ஹம்பிக்கு மதிப்பெண் குறைவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பருவம். அப்போதும் பத்து மணிக்குள் பாறை சூடேறிவிடும், மாலையில்தான் மறுபடி தொடமுடியும். ராக்லேண்ட்ஸுக்குப் பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அவர்களுடைய குளிர்காலம்.

மழையில் ஹம்பி பழிவாங்கிவிடும். கிரானைட் நீரை உறிஞ்சாது. வெயில் வந்தால் காய்ந்து தயார். மணற்பாறையிலோ துளைகள் வழியே நீர் உள்ளே போய், பருக்கைகளை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. நனைந்த மணற்பாறை கணிசமாக வலுவிழக்கும் என்பது ஆய்வகத்தில் உறுதியான விஷயம். மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டவரின் எடையில் பிடி பிய்ந்து கையோடு வந்துவிடும். உண்டாகக் கோடி ஆண்டுகள் எடுத்த பிடி அது, ஒட்டவைக்கவும் முடியாது. மழைக்குப் பின் மணற்பாறையைத் தொடுகிறவர்களை மற்ற ஏறுநர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

கடைசியாக, விழும் இடம். போல்டரிங்கில் ஏறுவதைவிட விழுவதே அதிகம்; மேலே போகும் வழியெல்லாம் தோற்று விழுந்து கற்பது. ஹம்பியில் கீழேயும் கல், அதற்கிடையே இடுக்கு. திச்சினோவிலும் அப்படியே. 1990-களில் பரவிய கிராஷ் பேட் எனும் தடித்த மெத்தையை இரண்டு மூன்று அடுக்கி, கீழே நின்று ஒருவர் பிடித்துத் திருப்பிவிட்டால்தான் நிம்மதி. ஃபோந்தேன்ப்ளோவில் எந்தக் கடல் பாறையைக் கொடுத்ததோ, அதுவே இறுகாத மணலைக் கீழே பரப்பியும் வைத்தது. அந்த இடத்துக்கு என்னைப் பொறுத்தவரை முதலிடம் கிடைப்பது இந்தத் தரைக்காகத்தான். குழந்தைகளும் தாத்தாக்களும் ஏறலாம், விழலாம், எழுந்து அடுத்த அம்புக்குப் போகலாம். பாரிஸிலிருந்து ரயிலும் இருக்கிறது.

அந்தத் தரை இப்போது தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் சிக்கல். கூட்டம் மிதித்து மணல் நகர்வதால் பாறைகளின் காலடி தாழ்கிறது, மர வேர்கள் வெளியே தெரிகின்றன, முன்பு நின்றபடி எட்டிய முதல் பிடி சில இடங்களில் எட்டாமல் போகிறது. மரக்கட்டைகளைப் பதித்து மணலைத் தடுக்கும் வேலையை வனத்துறையும் ஏறுநர் சங்கங்களும் செய்கின்றன. காலணி அடியில் மணல் ஒட்டியபடி ஏறினால் அது உப்புத்தாளாகிப் பிடிகளைத் தேய்த்துவிடும் என்பதால், ஏறுமுன் ஒரு துணியில் காலைத் துடைப்பது அங்கே ஒழுங்கு. பைன் பிசினைப் பையில் கட்டி அடிக்கும் பழைய உள்ளூர் வழக்கம், பிடிகளில் கண்ணாடி போன்ற பூச்சை விட்டிருக்கிறது. பிசின் இல்லாமல் அந்தப் பிடியில் நிற்க முடியாது என்றாகிவிட்டது. பழைய ஆட்கள் விடமாட்டேன் என்கிறார்கள், புதியவர்கள் வெள்ளைத் தூளோடு வருகிறார்கள், இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள்.

தென்னிந்தியாவில் இருந்துகொண்டு தொடங்க விரும்புகிறவர் பாரிஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு அருகே ராமநகரத்திலும் ஹம்பியை ஒத்த வயதுள்ள கிரானைட் குன்றுகள் நிற்கின்றன. 'ஷோலே' படம் எடுத்த இடம். அங்கே ராமதேவர பெட்டா 2012 முதல் பாறு கழுகுச் சரணாலயம். பாறுகள் முட்டையிடுவது பாறை விளிம்பில்தான். எனவே ராமநகரத்தில் எந்தக் குன்றில் கை வைப்பதற்கு முன்பும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது முறை. டிசம்பரில் அதிகாலை ஆறரைக்குப் பாறையடியில் இருந்தால், வெயில் விரட்டுவதற்குள் மூன்று மணி நேரம் ஏறலாம்.