இது யார் வழி வந்தது?



குத்தாலத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து இளந்தம்பதியர் தங்கள் இரண்டாவது பிள்ளையை நமது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை வயது ஆண் குழந்தை. பின்னால் நின்று கைதட்டினாலும் திரும்பவில்லை. ஏழு வயதாகும் மூத்த பெண்ணுக்கும் பிறவியிலேயே காது கேளாது. பரிசோதனை முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, உடன் வந்த மாமியார் எங்களிடம், "எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்லீங்க ஐயா. எல்லாம் இவ வயித்துக் கோளாறு" என்றார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. மாமியார் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அத்தை. மாமன் மகளைத்தான் மகனுக்குக் கட்டியிருக்கிறார்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இது யார் செய்த பாவம் என்றுதான் கேட்டார்கள் (யோவான் 9). ஆண்டவர் சொன்ன பதிலை நாம் அறிவோம். நமது மருத்துவர்கள் சொல்லும் பதிலையும் சபையார் அறிந்திருப்பது நல்லது.

நம் உடலில் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள்: தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. பல மரபணுக்களில் ஒரு பிரதி பழுதுபட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தம்மிடம் ஒரு பழுது இருப்பது அவருக்கே தெரியாது.

இந்த ஒழுங்கை முதலில் கண்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. (அவரும் ஒரு குருவானவர் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு!) உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் இணைத்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அதையே மறுபடி விதைத்தபோது 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மறைந்து போனதாக நினைத்த குணம் நான்கில் ஒரு பங்காகத் திரும்பி வந்தது. 1866இல் அவர் வெளியிட்டதை 1900 வரை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவரோ 1884இலேயே மரித்துவிட்டார்.

அந்தத் தம்பதியருக்கு இதை விளக்க, சமையலறையிலிருந்து பச்சைப்பயறும் கறுப்பு உளுந்தும் வாங்கிவந்தோம். இருவர் கையிலும் ஒரு பயறு, ஒரு உளுந்து. பயறு நல்ல பிரதி, உளுந்து பழுதுபட்டது. கண்ணை மூடி ஆளுக்கு ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னோம். இரண்டும் உளுந்தாக விழுந்தால்தான் பிள்ளைக்குக் காது கேளாது. அது நான்கில் ஒரு வாய்ப்பு. "ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பும்" என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் சீட்டு புதிதாகப் போடப்படுகிறது.

காது கேளாமை எல்லாமே பரம்பரையால் வருவதல்ல. கர்ப்பத்தில் வரும் ருபெல்லா அம்மை, பிறந்தவுடன் வரும் கடும் மஞ்சள் காமாலை, இவைகளும் காரணம். ஆனால் இந்தக் குடும்பத்தில் பரம்பரைதான் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

பழுதுபட்ட பிரதி எவரிடமும் இருக்கலாம். அந்நியர் இருவரிடம் அதே பழுது இருப்பது அரிது. மாமன் மகள், அத்தை மகனுக்குள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. நிலம் வெளியே போகக் கூடாது, பெண் கண்காணாத இடத்தில் கஷ்டப்படக் கூடாது என்றுதான் நம் டெல்டாவில் சொந்தத்தில் கொடுக்கிறார்கள். அதைப் பழிக்க எங்களுக்கு மனதில்லை. இப்படி மணந்தவர்களில் மிகப் பலருக்குச் சுகமான பிள்ளைகளே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால் பங்குக்கு மேல் உறவில் மணந்தவர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் குறை இருந்தால், பெண் பார்க்கும் முன்பே மருத்துவரைக் கேட்பது அவசியம்.

ஒரு தாளில் வம்ச வரிசையை எழுதிக் காட்டினோம். மகனுக்கு அந்தப் பிரதி தாயிடமிருந்து, மருமகளுக்கு அவள் தகப்பனிடமிருந்து வந்திருக்க வேண்டும். தாயும் அந்தத் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். மாமியார் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக மேலே கொண்டுபோனார். "அப்படின்னா எங்க அப்பா, அம்மாகிட்டேருந்தா ஐயா?" "அவர்களுக்கும் தெரிந்திருக்காது அம்மா" என்றோம். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

மூத்தவளுக்குப் பேச்சு படியும் வயது கடந்துவிட்டது. சைகை மொழி கற்பிக்கும் பள்ளியைத் தேடுகிறோம். சிறுவனுக்கு இன்னும் காலமிருக்கிறது. செவிக்கருவி பொருத்தியிருக்கிறோம். அது போதாவிட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த பரிசோதனைக்குப் பிள்ளையைத் தானே தூக்கி வருவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். அவர்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.