இழைய வளர்ப்பு வாழைக்கன்றைப் பழக்கி நடுதல்

திருநெல்வேலிச் செம்மண் தோட்டங்களில் மரக்கறி பயிரிடும் கமக்காரர் வாழையும் வைப்பதுண்டு. பழைய தோட்டத்து வாழைக்குட்டியுடன் கிழங்கு வண்டும் வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் புதிய தறைக்கு வந்துவிடலாம். ஆய்வுகூடத்தில் வளர்த்த இழைய வளர்ப்புக் கன்றில் இவை இரா. எனினும் அது மிக மென்மையானது, விலையும் கூடியது.

போத்தலினுள் காற்று எப்போதும் ஈரமாயிருக்கும். உணவு சீனியாகக் கிடைக்கும். ஆதலால் இலையின் மெழுகுப்படை மெல்லியதாகவும், இலைவாய்கள் செவ்வனே மூடமாட்டாதனவாகவும் இருக்கும். இத்தகைய கன்றை நேரே வெயிலில் வைத்தால், வேர் உறிஞ்சுவதிலும் கூடிய நீரை இலை இழந்துவிடும். நீர் ஊற்றுவதால் மட்டும் அதனைக் காத்தல் இயலாது.

முதலில் வேரில் ஒட்டிய கூழைக் கழுவி, 3 அல்லது 4 கிழமை பொலித்தீன் மூடாக்கினுள் வளர்த்து, மூடாக்கைச் சிறிது சிறிதாகத் திறத்தல் வேண்டும். கன்று விற்போர் பெரும்பாலும் இவ்வேலையை முடித்தே கொடுப்பர். முடிந்ததா என்பதைக் கேட்டறிக. பின்னர் மண் நிரப்பிய பையில், கிடுகுப் பந்தலின் அரைநிழலில் 6 தொடக்கம் 8 கிழமை வளர்த்தல் நன்று. கடைசி இரு கிழமைகளில் கிடுகுகளை ஒவ்வொன்றாக அகற்றுக.

கன்று ஓரடி உயர்ந்து 4 அல்லது 5 இலை விட்டதும், மாலை வேளையில் வேர்மண் உடையாமல் நட்டு நீர் பாய்ச்சுக. தாய்மரத்தில் வைரசு நோய் இருப்பின் கன்றிலும் இருக்கும். ஆகவே, பரிசோதித்த தாய்மரத்துக் கன்றையே வாங்குதல் வேண்டும்.