அசைந்தால்தான் லென்ஸ்

நம் உடலில் ரத்தக் குழாய் எட்டிப் பார்க்காத இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று கார்னியா. கருவிழிக்கு முன்னால் தெளிந்து நிற்கும் வளைந்த திசு அது. நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். ஒளி தடையில்லாமல் உள்ளே போகவேண்டிய பாதை என்பதால் அங்கே ரத்தத்துக்கு இடமில்லை. ஆனாலும் அது உயிருள்ள திசு. ஆக்சிஜன் அதற்கும் வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்து கார்னியாவுக்குள் இறங்குகிறது. தூங்கும்போது இமையின் உட்புற ரத்தக் குழாய்கள் கொடுப்பதை வைத்துச் சமாளிக்கிறது. அந்தக் குறைந்த வரவினால்தான் நல்ல கண்ணிலும் விடிகாலையில் கார்னியா துளி வீங்கியிருக்கும். கண் திறந்த சிறிது நேரத்தில் அது வடிந்துவிடும்.

காண்டாக்ட் லென்ஸ் போடுவது என்றால், இப்படிக் காற்றை உண்டு வாழும் திசுவுக்கு ஒரு மூடி போடுவது. லென்ஸின் வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

சூரிச் நகரில் பணியாற்றிய ஜெர்மன் கண் மருத்துவர் அடோல்ஃப் ஃபிக், 1888-இல் கண்ணாடியால் ஆன லென்ஸைப் பற்றி எழுதினார். முதலில் முயல்களுக்கும், பிறகு தனக்கும் போட்டுப் பார்த்தார். கண்ணின் வெண்பகுதியில் அமரும் பெரிய கிண்ணம் அது. உள்ளே திராட்சைச் சர்க்கரைக் கரைசல். சில மணி நேரத்துக்கு மேல் கண் அதைத் தாங்கவில்லை. பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1948-இல் கெவின் டுவோஹி கார்னியாவை மட்டும் மூடும் சிறிய லென்ஸைக் கொண்டுவந்தார். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கும் ஆக்சிஜனை விடவில்லை.

திருப்பம் பிராகில் நடந்தது. நீரை உறிஞ்சி மென்மையாகும் ஒரு பாலிமரைச் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லீமும் உருவாக்கியிருந்தார்கள். அதை லென்ஸாக வார்ப்பதுதான் பிடிபடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் 'மெர்க்கூர்' உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு விக்டர்லே தன் வீட்டிலேயே ஒரு சுழலும் எந்திரம் செய்தார். சுழலும் அச்சில் விட்ட திரவம் ஓரத்துக்கு ஏறி, லென்ஸ் வடிவத்தில் இறுகியது. 1971-இல் அமெரிக்காவில் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் மென்மையான லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த நீரின் வழியே ஆக்சிஜன் நுழைந்தது. 1990-களின் இறுதியில் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல், நீரைவிடத் தாராளமாக ஆக்சிஜனுக்கு வழிவிட்டது.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. பொருள் எவ்வளவு நல்லதானாலும், கண்ணோடு ஒட்டி அசையாமல் நின்றுவிட்டால் லென்ஸுக்கு அடியில் உள்ள கண்ணீர் தேங்கிவிடும். இறந்த செல்களும் அழுக்கும் அங்கேயே கிடக்கும். அதனால் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மென்லென்ஸ் அரை மில்லிமீட்டருக்குள்ளாகச் சற்றே நகர்ந்து திரும்ப வேண்டும். இதில் ஒரு விபரீதம் உண்டு: இறுக்கமான லென்ஸ் முதல் சில மணி நேரம் சுகமாக இருக்கும், ஏனென்றால் அசையாத பொருளை இமை உணர்வதில்லை. மாலையில்தான் கண் சிவந்து உறுத்தத் தொடங்கும். "போட்டதே தெரியலை" என்ற சொல்லை மட்டும் நம்பி லென்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கண்ணாடிக்கு எழுதிய பவர் சீட்டும் போதாது. மூக்குக்கண்ணாடி கண்ணுக்கு ஏறக்குறைய 12 மி.மீ. முன்னால் நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே அமர்கிறது. அந்த இடைவெளி போவதால் கண்ணாடியில் மைனஸ் 10 உள்ளவருக்கு லென்ஸில் சுமார் மைனஸ் 9 போதும். பிளஸ் பவரில் கணக்கு நேர்மாறு, கூட்ட வேண்டும். நான்குக்குக் கீழே இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

அடுத்தது வளைவு. கெரட்டோமீட்டர் கார்னியாவின் நடுப்பகுதியை மட்டும் அளக்கிறது. மென்லென்ஸோ சுமார் 14 மி.மீ. அகலம், கார்னியாவைத் தாண்டி வெண்பகுதி வரை போகிறது. ஒரே தேங்காயில் சிறு சில்லும் பெரிய மூடியும் எடுத்தால் இரண்டுக்கும் வளைவு ஒன்று, ஆழம் வேறு. அதுபோல நடுவில் ஒரே அளவு காட்டும் இரண்டு கண்களில், கார்னியா அகலமானது ஆழம் கூடிய லென்ஸைக் கேட்கும். எனவே கடைசித் தீர்ப்பு கண்ணில்தான். டிரையல் லென்ஸைப் போட்டு, அது நிலைகொள்ளச் சற்று நேரம் விட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்க்கிறார்கள். நடுவில் நிற்கிறதா, இமைத்தால் நகர்கிறதா, கீழிமையால் மெல்லத் தள்ளினால் எளிதாக ஏறி இறங்குகிறதா என்று கவனிக்கிறார்கள். சிலிண்டர் பவர் உள்ளவர்களின் லென்ஸில் நுண்ணிய கோடுகள் இருக்கும். அவை இடம் மாறி நின்றால் அச்சு பிசகி, பார்வை மங்கும்.

கெரட்டோகோனஸ் நோயில் கார்னியா மெலிந்து கூம்பாகிவிடும். அந்த மேடு பள்ளத்தைக் கண்ணாடியால் சரிசெய்ய முடியாது. ஆக்சிஜன் புகும் கெட்டி லென்ஸைப் போட்டால், அதற்கும் கார்னியாவுக்கும் இடையே கண்ணீர் நிறைந்து பள்ளங்களை நிரவிவிடுகிறது. கண்ணீரே லென்ஸின் ஒரு பாகமாகிறது. பொருத்தம் பார்க்க ஃப்ளோரசின் என்னும் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்குவார்கள். கண்ணீர் தேங்கும் இடம் பச்சையாக ஒளிரும். லென்ஸ் தொடும் இடம் இருண்டிருக்கும். நோய் முற்றியவர்களுக்கு இன்று தரப்படும் ஸ்கிளீரல் லென்ஸ், ஃபிக்கின் பழைய திட்டமேதான்: வெண்பகுதியில் அமர்ந்து, உள்ளே திரவம் தாங்கும் கிண்ணம். பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

கல்யாண மேக்கப்புக்குப் பவரே இல்லாத கலர் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பவர் பூஜ்யமானாலும் வளைவு பூஜ்யமாகாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவது தொற்றை வாங்கிக்கொள்வது. குழாய்த் தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி, லென்ஸில் ஏறிக் கார்னியாவை அரித்துப் பார்வையையே பறிக்கக்கூடியது. ஆகவே லென்ஸையும் டப்பாவையும் தண்ணீரில் கழுவக்கூடாது. அதற்குரிய கரைசலை ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்ற வேண்டும். டாக்டர் சொன்னால் ஒழிய லென்ஸோடு தூங்கவும் கூடாது.

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பவரை மட்டும் சொல்லிப் பெட்டியை வாங்கி வராதீர்கள். கண்ணில் போட்டுப் பார்த்து, அது அசைகிறது என்று ஆப்டோமெட்ரிஸ்ட் சொன்ன பிறகு வாங்குங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே கழற்றிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.