இணைய வணிகரும் மின்னஞ்சற் சேவையும்

வணிகர் ஒருவருடைய முதல் யாது என்று வினவினால், பெட்டியிலுள்ள பணமும் களஞ்சியத்திலுள்ள சரக்குமே என்று பலர் விடை கூறுவர். பழுத்த அனுபவமுடைய வணிகரோ, அவ்விரண்டிலும் மேலானதொன்று உண்டு என்பர். ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மறுமுறையும் வருவார் என்னும் நம்பிக்கையே அது. தெருவோரக் கடையிலே அந்த நம்பிக்கை முகம் பார்த்து வளர்கின்றது. வாடிக்கையாளரின் பெயரும், அவர் விரும்பும் பொருளும், அவர் வீட்டு விசேடங்களும் கடைக்காரருக்குத் தெரியும். இணையத்திலே கடை நடத்துபவருக்கோ வாடிக்கையாளரின் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. அவர் கையில் எஞ்சுவது ஒரு மின்னஞ்சல் முகவரியே. அம்முகவரிக்குச் செய்தி அனுப்ப எந்தச் சேவையைத் தெரிந்தெடுப்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

முகநூல் முதலிய சமூகத் தளங்கள் இருக்க, மின்னஞ்சல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அத்தளங்களில் நமக்கு எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்திருப்பினும், நம் செய்தியை அவர்களுள் எவருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் தளத்தின் உரிமையாளரே. மின்னஞ்சல் அத்தகையதன்று. 1982ஆம் ஆண்டில் யொன் பொஸ்ரல் என்னும் அறிஞர் வகுத்து வெளியிட்ட பொது விதிமுறையின் வழியிலேயே அது இன்றும் இயங்குகின்றது. எந்த நிறுவனத்தின் பெட்டியிலிருந்தும் வேறெந்த நிறுவனத்தின் பெட்டிக்கும் கடிதம் செல்லும். ஆதலின், முகவரிப் பட்டியலைத் தன் கையில் வைத்திருக்கும் வணிகர் எந்த ஒரு நிறுவனத்துக்கும் அடிமையாகார்.

இக்கருவியின் நன்மையைப் போலவே அதன் தீமையும் பழையது. றே ரொம்லின்சன் என்பார் 1971ஆம் ஆண்டில் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். ஏழு ஆண்டுகளே கழிந்தன. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அதிகாரி, ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு, அவர்கள் கேளாமலே விளம்பரக் கடிதம் ஒன்றை அனுப்பினார். வலையமைப்பை நிர்வகித்தவர்கள் அதனை வன்மையாகக் கண்டித்தனர். கேட்டவருக்கு அனுப்புவது வணிகம். கேளாதவருக்கு அனுப்புவது தொல்லை. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

பொருளைத் தெளிவாக விளக்குதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாணத்திலே பனங்கட்டி, ஒடியல் மா, பனாட்டு முதலியவற்றை இணையத்தின் வாயிலாக விற்கும் ஒரு சிறு வணிகர் இருக்கின்றார். அவரிடம் 2,000 வாடிக்கையாளரின் முகவரிகள் உள. கொழும்பிலும் கண்டியிலும் உள்ளவர் சிலர். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களில் வாழ்பவர் பலர். மாதம் இருமுறை அவர்களுக்குக் கடிதம் எழுத அவர் விரும்புகின்றார். தமது சாதாரண ஜிமெயில் பெட்டியிலிருந்தே அனுப்பலாமன்றோ என எண்ணுவாராயின், அது கைகூடாது. இலவசக் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. அன்றியும், விலக விரும்புவோரை நீக்குதல், சேராது திரும்பும் முகவரிகளைக் களைதல் முதலியவற்றை அவரே கையாற் செய்ய நேரிடும். இவற்றைச் செய்தற்கென்றே மின்னஞ்சற் சேவைகள் தோன்றின. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதற்கு ஐந்து வினாக்களை எழுப்புதல் நன்று.

முதலாவது வினா: கடிதம் உரியவரிடம் சென்று சேருமா?

அனுப்பப்பட்ட கடிதம் யாவும் வாசிக்கப்படும் பெட்டியில் விழுவதில்லை. பெறுபவரின் அஞ்சல் நிறுவனம் வாயிலிலே நின்று, அனுப்பியவர் யாரெனச் சோதிக்கின்றது. இச்சோதனைக்கு மூன்று சான்றுகள் உள. எஸ்.பி.எப். என்பது, என் பெயரால் அனுப்ப இன்ன கணினிகளுக்கே உரிமையுண்டு என்று வணிகர் வெளியிடும் பெயர்ப்பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, கடிதம் இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் முத்திரை. டீமார்க் என்பது, இவ்விரு சோதனைகளிலும் தவறிய கடிதத்தை என்ன செய்வது என்று கூறும் கட்டளை. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாக வேண்டலாயின. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புவோரிடம் மூன்று சான்றுகளும் இருத்தல் வேண்டும் என்று கூகுள் விதித்தது. அத்தகையோர் அனுப்பும் விளம்பரக் கடிதத்திலே, ஒரே அழுத்தில் விலகிக்கொள்ளும் வசதியும் இருத்தல் வேண்டும். 1,000 கடிதங்களுக்கு 3 என்னும் அளவை முறைப்பாடுகள் எட்டலாகாது என்பது மற்றொரு விதி.

நம் பனம்பொருள் வணிகர் சிறியவர். 5,000 என்னும் எல்லையை அவர் எட்டமாட்டார். ஆயினும் அவருக்கும் இதில் அக்கறை உண்டு. சிறு வணிகர் பலருடைய கடிதங்களைச் சேவை நிறுவனம் ஒரே கணினி முகவரியிலிருந்து அனுப்புவது வழக்கம். ஒரே வள்ளத்தில் ஏறிய பயணிகளைப் போன்றது அவர்கள் நிலை. அவர்களுள் ஒருவர் தொல்லைக் கடிதம் அனுப்பினால் எல்லாருடைய நற்பெயரும் கெடும். ஆகவே, எவரையும் ஏற்றுக்கொள்ளும் சேவையைக் காட்டிலும், புதிதாக வருபவரிடம் இந்த முகவரிகளை எவ்வாறு பெற்றீர் என்று கேட்கும் சேவையே நம்பத்தக்கது. அக்கேள்வி நமக்குத் தொல்லையாகத் தோன்றினும், நம்மைக் காப்பதும் அதுவே. வணிகர் தமக்கெனச் சொந்தமாக ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுதலும் இன்றியமையாதது. மேற்கூறிய மூன்று சான்றுகளையும் அதன்மேலேயே நிறுவுதல் கூடும்.

இரண்டாவது வினா: சம்மதத்தைச் சேவை எவ்வாறு காக்கின்றது?

முகவரி ஒன்று படிவத்தில் எழுதப்பட்டவுடன், அதனை உறுதி செய்யுமாறு ஒரு கடிதம் அனுப்பி, விடை வந்த பின்னரே பட்டியலிற் சேர்ப்பது சிறந்த முறை. பிழையாக எழுதப்பட்ட முகவரியும், பிறர் விளையாட்டாக எழுதிய முகவரியும் இதனால் விலகும். எந்த நாளில், எந்தப் படிவத்தின் வழியாகச் சம்மதம் பெறப்பட்டது என்பதைச் சேவை குறித்து வைத்தல் வேண்டும். இது வெறும் ஒழுக்கம் மட்டுமன்று, சட்டமுமாகும். 2014ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டம், சம்மதமின்றி வணிகக் கடிதம் அனுப்புவதைத் தடை செய்கின்றது. பொருள் வாங்கியவர் இரண்டாண்டுக் காலம் சம்மதித்தவராகக் கருதப்படுவார். அதன் பின்னர் வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறையில் உள்ளது. அங்குள்ளோருக்குப் பொருள் விற்கும் வெளிநாட்டு வணிகரையும் அது கட்டுப்படுத்தும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் கடிதம் எழுதும் யாழ்ப்பாணத்து வணிகர் இச்சட்டங்களை அயலார் சட்டங்கள் என்று புறக்கணித்தல் இயலாது.

மூன்றாவது வினா: கட்டணம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது?

இதில் இரு முறைகள் உள. பட்டியலிலுள்ள முகவரிகளின் தொகைக்கேற்ப அறவிடுவது ஒன்று. அனுப்பும் கடிதங்களின் தொகைக்கேற்ப அறவிடுவது மற்றொன்று. முதல் முறையில், ஒரு மாதம் எதுவும் எழுதாவிடினும் 2,000 பேருக்குரிய பணத்தைச் செலுத்த வேண்டும். விலகிப்போனவரையும் எண்ணிக்கையிற் சேர்க்கும் சேவைகளும் உண்டு. ஆதலின் அதனைக் கேட்டறிதல் அவசியம். இரண்டாம் முறையில், மாதம் இருமுறை எழுதினால் 4,000 கடிதங்களுக்குச் செலுத்தினாற் போதும். அரிதாக எழுதுபவருக்கு இரண்டாவதும், சிலருக்கே அடிக்கடி எழுதுபவருக்கு முதலாவதும் இலாபம். இலவசத் திட்டங்களையும் நுணுகி நோக்குதல் வேண்டும். நாளொன்றுக்கு 300 கடிதங்கள் என்னும் வரம்பு இருக்குமாயின், 2,000 பேருக்கும் ஒரு கடிதம் சென்று முடிய ஏழு நாட்கள் செல்லும். பொங்கலுக்கு முதல் நாள் அனுப்பத் தொடங்கிய வாழ்த்தைப் பொங்கல் கழிந்த பின்னரே பலர் பெறுவர். அமேசன் நிறுவனத்தின் எஸ்.ஈ.எஸ். சேவையோ 1,000 கடிதங்களுக்கு 10 அமெரிக்கச் சதமே அறவிடுகின்றது. 4,000 கடிதங்களுக்கு 40 சதம். ஆயினும், பட்டியலைப் பேணுதலும் கடிதத்தை அழகுற அமைத்தலும் பெரும்பாலும் நம் பொறுப்பாகின்றன. கணினித் தொழில் தெரிந்தவர் துணையின்றி அது பயன்படாது.

கட்டணம் பெரும்பாலும் டொலரிலேயே கேட்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்ததை இலங்கை வணிகர் மறந்திரார். மாதம் 20 டொலர் செலுத்தியவருக்கு 4,000 ரூபாயாக இருந்த செலவு 7,000 ரூபாய்க்கு மேலாயிற்று. ஆகையால், இன்றைய விலையை மட்டுமன்றி, பட்டியல் இருமடங்கானாலும் நாணயம் வீழ்ந்தாலும் தாங்க இயலுமா என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தல் அறிவுடைமை.

நான்காவது வினா: நம் கடையோடும் மொழியோடும் அது இசையுமா?

கடையின் பதிவேட்டோடு சேவை இணைந்திருப்பின், பனாட்டு வாங்கியவருக்கு ஒரு கடிதமும், ஒடியல் மா வாங்கியவருக்கு வேறொரு கடிதமும் எழுதலாம். பொருளைத் தெரிவு செய்து பணம் செலுத்தாது விட்டவருக்கு ஒரு நினைவூட்டலும் அனுப்பலாம். பற்றுச்சீட்டு, அனுப்பீட்டு அறிவித்தல் முதலியவற்றை விளம்பரக் கடிதத்தினின்றும் பிரித்து அனுப்ப வசதியுண்டா என்றும் பார்க்க வேண்டும். விளம்பரத்தினால் நற்பெயர் குன்றினாலும், பணம் செலுத்தியவரின் பற்றுச்சீட்டு தடைப்படலாகாது. தமிழிலே எழுதுபவர், கடிதத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் பல்வேறு கைத்தொலைபேசிகளில் எழுத்துச் சிதையாது தோன்றுகின்றனவா என முன்னரே சோதித்தல் வேண்டும்.

பயனை அளக்கும் முறையிலும் எச்சரிக்கை தேவை. எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தனர் என்று சேவைகள் பெருமையுடன் எண் காட்டும். 2021ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் அப்பிள் நிறுவனம், தன் அஞ்சற் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைத் தெரிவு செய்தோருக்கு, கடிதத்திலுள்ள படங்களைத் தானே முன்கூட்டி வருவிக்கின்றது. ஆகவே திறவாத கடிதமும் திறந்ததாகப் பதிவாகின்றது. இணைப்பை அழுத்தியோர் தொகையும், வாங்கியோர் தொகையும், விலகியோர் தொகையுமே நம்பத்தக்க அளவுகோல்களாம்.

ஐந்தாவது வினா: அச்சேவையினின்றும் நாம் வெளியேறுதல் எளிதா?

புகும்போதே வெளியேறும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். ரைனிலெற்றர் என்னும் எளிய கடிதச் சேவையைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினர். அதன் உரிமையாளரான மெயில்சிம்ப் நிறுவனம் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி அதனை மூடிவிட்டது. தம் பட்டியலை வெளியே எடுத்து வைத்திருந்தவர் வேறிடம் சென்று தொழிலைத் தொடர்ந்தனர். ஆகவே மாதந்தோறும் பட்டியலின் படி ஒன்றை எடுத்து வைத்தல் நன்று. முகவரிகளுடன் சம்மதம் பெற்ற நாளும், விலகியவர் பெயர்களும் அப்படியில் இருத்தல் வேண்டும். விலகியவர் பட்டியலை விட்டுச் சென்றால், புதிய சேவையிலிருந்து அவர்களுக்கே மறுபடியும் கடிதம் போகும். வேண்டாம் என்று சொன்னவரின் சொல்லை மீறும் குற்றம் அதனால் நேரும்.

இவ்வைந்து வினாக்களையும் எழுப்பிய பின்னர், இரண்டு அல்லது மூன்று சேவைகள் எஞ்சும். அவற்றில் ஒரே கடிதத்தை, தமக்கு அறிமுகமான ஐம்பது பேருக்கு, அவர்கள் சம்மதத்துடன் அனுப்பிப் பார்க்கலாம். பெட்டியிற் சேர்ந்ததா, எழுத்துத் தெளிவாக இருந்ததா, விலகும் இணைப்பு வேலை செய்ததா என அவர்களிடமே கேட்டறியலாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகக் கட்டினால் கழிவு தருவோம் என்பார் சொல்லுக்கு, இச்சோதனை முடியுமுன் இணங்குதல் வேண்டியதில்லை.

நேயர்களே, எந்தச் சேவையும் வணிகருக்காகக் கடிதத்தைக் கொண்டுசெல்லும் தூதனே ஆகும். தூதன் வல்லவனாயினும், சொல்லும் செய்தியில் உண்மையும் பயனும் இல்லையாயின் வாசல் அடைக்கப்படும். தம் முகவரியைத் தந்தவர் வணிகரை நம்பி வீட்டு வாயிலைத் திறந்தவர். அந்த நம்பிக்கைக்கு ஊறு விளையாது காக்கும் சேவை எதுவோ, அதனையே தெரிந்தெடுப்போமாக.