சிறிய தேன்சிட்டு

சிறிய தேன்சிட்டு அல்லது செம்முதுகுத் தேன்சிட்டு (லெப்டோகோமா மினிமா) என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ஒரு சிறு பறவை ஆகும். நீளம் ஏறத்தாழ 8 செ.மீ. மட்டுமே. உலகில் வேறெங்கும் இது இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் வால்பாறை உள்ளிட்ட ஆனைமலைப் பகுதிகளில் காணலாம். 1832 ஆம் ஆண்டில் இப்பறவையை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தவர் வில்லியம் என்றி சைக்சு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 'மினிமா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'மிகச் சிறியது' என்பது பொருள்.

அடையாளம் காணல்

சமவெளித் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டுடன் இதனைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. சிறிய தேன்சிட்டின் ஆண், உருவில் அதனினும் சிறியது. உச்சந்தலை பச்சையாக மின்னும், முதுகு கருஞ்சிவப்பு, மார்பில் அகன்ற கருஞ்சிவப்புப் பட்டை, வயிறு மஞ்சள். பெண் பறவை மங்கலான பழுப்புப் பச்சை நிறமுடையது. எனினும் அதன் பிட்டத்தில் உள்ள சிவப்பு நிறத்தைக் கொண்டு எளிதில் இனங்காணலாம்.

தேன்சிட்டுகளை ஓசனிச்சிட்டு என்று கூறுவது தவறு. ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. இரண்டும் நெருங்கிய உறவினம் அல்ல. பூந்தேனை உண்பதால் இரண்டிலும் நீண்ட அலகும் குழல் போன்ற நாக்கும் தனித்தனியே தோன்றின. தேன்சிட்டு சில நேரங்களில் அந்தரத்தில் சிறகடித்து நின்றாலும், பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் குடிக்கும்.

உணவும் மகரந்தச் சேர்க்கையும்

பூந்தேனுடன் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் இது உண்ணும். குஞ்சுகளின் வளர்ச்சிக்குப் புரதம் தேவை என்பதால் அவற்றுக்கு முக்கியமாகப் பூச்சிகளே ஊட்டப்படுகின்றன. மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடிகளின் குழல் வடிவப் பூக்களைத் தேன்சிட்டுகள் விரும்பி நாடும். அப்போது அலகிலும் நெற்றியிலும் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவைச் சென்றடைகிறது. ஆயினும் தேன்சிட்டுகள் எப்போதும் இவ்வாறு கைம்மாறு செய்வதில்லை! நீண்ட பூக்களின் அடிப்பகுதியைத் துளையிட்டு, மகரந்தத்தைத் தொடாமலேயே தேனை எடுத்துக்கொள்வதும் உண்டு.

கூடு பை போன்று தொங்கும். நார், பாசி முதலியவற்றைச் சிலந்தி வலையால் பிணைத்து அமைக்கிறது. வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும்.

வாழிடம்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது 'தீவாய்ப்புக் கவலை குறைந்த' இனமாக உள்ளது. காட்டையொட்டிய தோட்டங்களுக்கும் வருவதே இது தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம் எனலாம். ஆனால் எல்லாத் தோட்டமும் ஒன்றல்ல. தேயிலைச் செடி அடிக்கடி கவாத்து செய்யப்படுவதால் பூப்பது அரிது. இடையில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் பூக்களே அங்கு ஓரளவு தேன் தரும். காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டத்திலோ வெவ்வேறு மரங்கள் வெவ்வேறு மாதங்களில் பூப்பதால், தேன் கிடைக்கும் காலம் நீள்கிறது.